பேஷன்ட் விஷயம் வெளிய போகாம பாத்துக்கறது எப்படி: வார்டு, ரிசப்ஷன், லேப்ல வேலை பாக்கறவங்களுக்கு

ஆஸ்பத்திரில தகவல் லீக் ஆச்சுன்னு சொன்னா உடனே எல்லாருக்கும் ஹேக்கர், வைரஸ், சர்வர்னு தான் தோணுது, அதெல்லாம் ஐடி ஆளுங்க பாத்துக்குவாங்கன்னு விட்டுடறோம். ஆனா வார்டுல நின்னு வேலை பாத்தவங்களுக்கு தெரியும், விஷயம் வெளிய போறது பாதி நேரம் நம்ம வாய் வழியா, மீதி நேரம் நம்ம போன் வழியா. கெட்ட எண்ணத்துல பண்றவங்க ரொம்ப கம்மி. அவசரம், இரக்கம், பழக்கதோஷம், கொஞ்சம் அடுத்தவங்க கதை கேக்கற ஆசை, அவ்ளோதான் காரணம். அதனால இதுல பாஸ்வேர்ட் பத்தி ஒரு சின்ன பாரா தான் இருக்கும், மத்ததெல்லாம் மனுஷங்க எப்படி பேசறாங்க, எப்படி கேக்கறாங்க, நாம எப்படி பதில் சொல்லணும்ங்கறது பத்திதான். புதுசா சேர்ந்த நர்ஸ், பயிற்சி டாக்டர், லேப் டெக்னீஷியன், பில்லிங், க்ளீனிங் ஸ்டாஃப் வரைக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதல்ல எதெல்லாம் ரகசியம்னு தெளிவா வெச்சுக்கோங்க. நோய் பேரு, டெஸ்ட் ரிசல்ட் மட்டும் இல்ல. ஒருத்தர் இங்க வந்தாருங்கறதே ரகசியம்தான். எந்த டிபார்ட்மென்ட் வாசல்ல உக்காந்திருந்தாரு, எந்த டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட், பில்லுல என்ன போட்டிருக்கு, கூட யார் வந்தாங்க, யார் வரல, எல்லாமே. மனநல க்ளினிக்லயோ குழந்தையின்மை சிகிச்சை எடுக்கற இடத்துலயோ ஒருத்தர் பேரு லிஸ்ட்ல இருக்குன்னு தெரிஞ்சாலே போதும், வேற எதுவும் சொல்ல வேண்டியதே இல்ல.

அப்புறம் ஒரே ஒரு கேள்விய மனசுல வெச்சுக்கோங்க: இந்த ஆளுக்கு, இந்த வேலைக்கு, இப்போ இது தெரிஞ்சே ஆகணுமா? சிகிச்சை குடுக்கற டீம்ல இருக்கறவங்கன்னா ஆமா. பக்கத்து வார்டுல வேலை பாக்கற ஃப்ரெண்டுன்னா இல்ல, அவங்களும் நர்ஸ்தான், யூனிஃபார்ம் போட்டிருக்காங்கங்கறதெல்லாம் கணக்குல வராது.

சரி, பேச்சுல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா அதிகம் நடக்கறது அங்கதான். 1995ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அஞ்சு ஆஸ்பத்திரில ஆளுங்கள அனுப்பி சும்மா லிஃப்ட்ல மேலயும் கீழயும் போய்ட்டு வர சொன்னாங்க, ஸ்டாஃப் என்ன பேசறாங்கன்னு காது குடுத்து கேக்கறது மட்டும்தான் வேலை. 259 தடவை லிஃப்ட்ல போனதுல கிட்டத்தட்ட ஏழுல ஒரு தடவை பேசக்கூடாத பேச்சு காதுல விழுந்துச்சாம். பேஷன்ட் ரகசியம் மட்டும் இல்ல, கூட வேலை பாக்கறவங்கள பத்தின குறையும் அதுல சேத்தி. லிஃப்ட்ல கூட நிக்கறவரு யாரோட அண்ணன், யாரோட பொண்ணுன்னு நமக்கு எப்படி தெரியும்? பேர் சொல்லலயே, பெட் நம்பர் தானே சொன்னேன்னு சமாதானம் சொல்வாங்க. அந்த பெட்டுக்கு பக்கத்துல உக்காந்து ராத்திரி பூரா முழிச்சிருந்த சொந்தக்காரருக்கு பெட் நம்பர் மனப்பாடம். அதனால லிஃப்ட், கேன்டீன், படிக்கட்டு, ஸ்டாஃப் வண்டி, இங்கெல்லாம் கேஸ் பேசவே வேண்டாம், ரூமுக்குள்ள போய் கதவ சாத்திட்டு பேசுங்க.

பெட்டை சுத்தி இழுக்கற திரை வெறும் துணிதான்னு நாம அடிக்கடி மறந்துடறோம். ரவுண்ட்ஸ்ல டாக்டர் திரைய இழுத்துட்டு அதே சத்தத்துல பேசுவாரு, பக்கத்து பெட்காரர் டிவிய ம்யூட் பண்ணிட்டு கேட்டுட்டு இருப்பாரு. குரல கொறச்சுக்கோங்க, சென்சிடிவ் விஷயம்னா, பேஷன்ட் நடக்கற நிலைமைல இருந்தா, தனி ரூமுக்கு கூட்டிட்டு போங்க. முடியலன்னா ரிசல்ட் பேப்பர காட்டி விரல் வெச்சு பேசலாம், எல்லாத்தையும் வாய்விட்டு படிக்கணும்னு இல்ல.

இதுலயே இன்னொன்னு. கூட இருக்கற சொந்தக்காரங்க முன்னாடி பேசலாமான்னு பேஷன்ட்ட கேக்கணும்னு எல்லாருக்கும் சொல்லித்தராங்க, ஆனா எப்படி கேக்கறதுன்னு யாரும் சொல்றதில்ல. வீட்டுக்காரர் பக்கத்துல நிக்கும்போது இவர் முன்னாடி சொல்லலாமான்னு கேட்டா அந்த அம்மா எப்படி வேண்டாம்னு சொல்வாங்க? சொன்னாலே அங்க ஒரு பிரச்சனை ஆரம்பிச்சுடும். அதனால செக் பண்ணணும், ரெண்டு நிமிஷம் வெளிய இருங்கன்னு சாதாரணமா சொல்லி அனுப்பிடுங்க, எல்லா பேஷன்ட்டுக்கும் இதே மாதிரி பண்ணுங்க, அப்பதான் ஒருத்தருக்கு மட்டும் ஏன்னு சந்தேகம் வராது. தனியா இருக்கும்போது கேளுங்க: வீட்ல யார்கிட்ட என்ன சொல்லலாம், யார்கிட்ட சொல்லக்கூடாது? பதில ஃபைல்ல எழுதி வைங்க, அடுத்த ஷிஃப்ட்ல வர்றவங்களுக்கும் தெரியணும்ல. கல்யாணம் ஆனதாலயோ பெத்தவங்கங்கறதாலயோ ஒரு மேஜரோட மெடிக்கல் விஷயம் எல்லாம் தானா அவங்களுக்கு உரிமை ஆயிடாது. மைனர் விஷயத்துல சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அத உங்க சீனியர்கிட்ட கேட்டு தெரிஞ்சுக்கோங்க, யூகத்துல போகாதீங்க.

மொழி தெரியாத பேஷன்ட்னா கூட வந்த பையனையோ பொண்ணையோ மொழிபெயர்க்க வைக்கறது ரொம்ப சகஜமா நடக்குது. பத்து வயசு பிள்ளை அம்மாவோட மாதவிடாய் பிரச்சனைய டாக்டருக்கு மொழிபெயர்த்து சொல்ற கொடுமைய யோசிச்சு பாருங்க. அந்த அம்மா முக்கியமானத சொல்லாமலே விட்டுடுவாங்க. வெளி ஆள், ட்ரெய்னிங் உள்ள மொழிபெயர்ப்பாளர், போன் வழியா கிடைச்சாலும் பரவால்ல, அவங்கள வைங்க.

ரிசப்ஷன்ல இருக்கறவங்களுக்கு: பேர் சொல்லி கூப்பிடறது தப்பில்ல, பேஷன்ட் தகவல பாதுகாக்கற அமெரிக்காவோட ஹிப்பா சட்டம் கூட வெயிட்டிங் ரூம்ல பேர் கூப்பிடறதயும் கையெழுத்து போடற ஷீட் வைக்கறதயும் அனுமதிக்குது, ஆனா எதுக்கு வந்தாங்கங்கறது அந்த ஷீட்ல இருக்கக்கூடாது. தப்பு எங்கன்னா கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து சத்தமா "என்ன ப்ராப்ளம்?"னு கேக்கறது. ஒரு சின்ன ஃபார்ம் நீட்டி எழுத சொல்லலாம். பிறந்த தேதி, அட்ரஸ், போன் நம்பர் கேட்டு வாங்கறதுக்கு பதிலா ஸ்க்ரீன்ல இருக்கறத பிரின்ட் எடுத்து காட்டி இது சரியான்னு கேக்கலாம். லைன்ல நிக்கறவங்கள கொஞ்சம் தள்ளி நிக்க சொல்ல தரையில ஒரு கோடு போட்டாலே பாதி பிரச்சனை தீரும்.

இப்போ போன். என் அபிப்ராயத்துல ஆஸ்பத்திரில அதிகமா ஏமாறற இடம் இதான். இப்படித்தான் வரும்:

"ஹலோ, நான் அவரோட மச்சான் பேசறேங்க, வெளியூர்ல இருக்கேன், நேத்து ஆபரேஷன் பண்ணாங்களே, அந்த கிட்னி விஷயம்தானே?"

"இல்லங்க, கிட்னி இல்ல..."

முடிஞ்சுச்சு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது, ஆபரேஷன் நடந்ததும் கிட்னி இல்லங்கறதும் நம்ம வாயாலயே தெரிஞ்சுக்கிட்டாரு, அடுத்து லிவரான்னு கேப்பாரு. தப்பான தகவல சொன்னா திருத்தணும்னு நமக்கு ஒரு உந்துதல் வரும் பாருங்க, அதத்தான் அவங்க நம்பறாங்க. அதனால ஆமாவும் வேண்டாம், இல்லவும் வேண்டாம். அந்த பேர்ல ஆள் இங்க இருக்காருன்னு கூட பேஷன்ட் சம்மதம் இல்லாம சொல்லக்கூடாது. இப்படி சொல்லலாம்: "உங்க அக்கறை புரியுதுங்க. போன்ல யார் பேசறாங்கன்னு என்னால உறுதி பண்ண முடியாது, அதனால எந்த பேஷன்ட் பத்தியும் போன்ல சொல்றதில்ல. குடும்பத்துல யார்கிட்டயாவது கேட்டுக்கோங்க." நிஜமான மச்சானா இருந்தா கொஞ்சம் கோவப்படுவாரு, பரவால்ல, கோவம் ஒரு மணி நேரத்துல போய்டும்.

அட்மிஷன் போடும்போதே பேஷன்ட்ட ஒரு கோட் வார்த்தை குடுக்க சொல்லி ஃபைல்ல எழுதிட்டா இந்த தொல்லையே கொறஞ்சுடும். அந்த வார்த்தைய சொல்றவங்களுக்கு மட்டும், பேஷன்ட் அனுமதிச்ச அளவுக்கு மட்டும் தகவல். இன்சூரன்ஸ்ல இருந்து பேசறேன், வேற ஆஸ்பத்திரி டாக்டர் பேசறேன், போலீஸ் பேசறேன்னு வந்தா பதட்டப்படாம பேர், எங்கிருந்துன்னு எழுதிக்கிட்டு, அந்த இடத்தோட பொது நம்பர நீங்களே தேடி எடுத்து திருப்பி கூப்பிடுங்க. அவங்க குடுக்கற நம்பருக்கு கூப்பிட்டா அது அதே ஆளுகிட்டதான் போகும்.

நாம பேஷன்ட்ட கூப்பிடும்போதும் இதே கவனம் வேணும். போன வேற யாராவது எடுத்தா டிபார்ட்மென்ட் பேரு சொல்லக்கூடாது, பேரும் நம்பரும் குடுத்து கூப்பிட சொல்லுங்கன்னா போதும். எஸ்எம்எஸ் அனுப்பினா லாக் ஸ்க்ரீன்ல முதல் வரி தெரியும்ங்கறத ஞாபகம் வைங்க, அதுல க்ளினிக் பேரே நோய சொல்ற மாதிரி இருந்தா சும்மா "உங்க அப்பாயின்ட்மென்ட் நாளைக்கு 10 மணிக்கு"ன்னு மட்டும் போடுங்க.

போட்டோவுக்கு வருவோம். ஒரு புண்ணோட படம் எடுத்து சீனியர்கிட்ட ஒப்பீனியன் கேக்க வாட்ஸ்அப்ல போடறோம், முகம் இல்லயே, என்ன ஆகப்போகுதுன்னு. ஆனா அந்த படத்த பெருசு பண்ணி பாருங்க. மணிக்கட்டுல பேர் எழுதின பேண்ட், மூலைல பெட் தலைமாட்டுல மாட்டின சார்ட், பின்னாடி போர்டுல டாக்டர் பேரும் தேதியும், கைல ஒரு டாட்டூ. எக்ஸ்ரேன்னா ஓரத்துல பேரும் ஐடியும் அச்சாகியே இருக்கும். போட்டோ ஃபைலுக்குள்ள எந்த நேரத்துல எடுத்தது, லொகேஷன் ஆன்ல இருந்தா எந்த இடத்துல எடுத்ததுன்னும் போனே எழுதி வெச்சிருக்கும். அப்புறம் அந்த படம் உங்க கேலரில, கிளவுட் பேக்கப்ல, குரூப்ல இருக்கற இருபது பேரோட போன்லன்னு தங்கிடும், அந்த இருபதுல ஒருத்தர் வேலைய விட்டே போயிருப்பாரு, குரூப்ல இருந்து யாரும் எடுத்திருக்க மாட்டாங்க.

சரியான வழி என்னன்னா, பேஷன்ட்ட எதுக்குன்னு சொல்லி சம்மதம் வாங்குங்க, ஆஸ்பத்திரி குடுத்த ஆப்போ கேமராவோ இருந்தா அதுலயே எடுங்க, சுத்தி இருக்கறத துணி போட்டு மறைச்சுட்டு புண்ண மட்டும் எடுங்க, தேவைப்பட்ட ஒருத்தருக்கு மட்டும் அனுப்புங்க, ரெக்கார்ட்ல சேத்ததும் போன்ல இருந்து அழிங்க, டெலிட் ஆன ஃபோல்டர்ல இருந்தும். சிகிச்சைக்கு வாங்கின சம்மதம் மீட்டிங்ல காட்டறதுக்கோ சோஷியல் மீடியால போடறதுக்கோ செல்லாது, அதுக்கு தனியா எழுத்துல வாங்கணும். டியூட்டில செல்ஃபி எடுக்கவே வேண்டாம்னு தான் சொல்வேன், பின்னாடி என்ன விழுதுன்னு யாரும் பாக்கறதில்ல.

பேர எடுத்துட்டா ஆள் யாருன்னு தெரியாதுன்னு நெனைக்கறது பெரிய மூடநம்பிக்கை. 1997ல லதான்யா ஸ்வீனின்னு அப்போ மாணவியா இருந்த ஒருத்தங்க, பேர் அட்ரஸ் நீக்கி வெளியிட்ட ஆஸ்பத்திரி தகவல எடுத்து, 20 டாலருக்கு ஒரு வாக்காளர் பட்டியல வாங்கி, ரெண்டையும் பொருத்தி மாசசூசெட்ஸ் கவர்னரோட மெடிக்கல் ரெக்கார்டயே கண்டுபிடிச்சுட்டாங்க. பிறந்த தேதி, ஆணா பொண்ணா, தபால் கோட், இந்த மூணு இருந்தாலே அமெரிக்கர்கள்ல சுமார் 87 சதவீதம் பேர தனியா அடையாளம் காட்டிடலாம்னு அப்புறம் அவங்களே கணக்கு போட்டாங்க. ஹிப்பால பேர்ல இருந்து கைரேகை, வண்டி நம்பர் வரைக்கும் 18 வகை அடையாளத்த நீக்கணும்னு லிஸ்ட் வெச்சிருக்கறது அதனாலதான். நீங்க கேஸ் பிரசன்டேஷன் பண்ணும்போது வயச ரேஞ்சா சொல்லுங்க, தேதிக்கு பதிலா மூணாவது நாள்னு சொல்லுங்க, வேலை, ஊர் தேவையில்லன்னா விட்டுடுங்க. ரொம்ப அபூர்வமான கேஸ்னா, இல்ல நியூஸ்ல வந்த விபத்துன்னா, என்ன மறைச்சாலும் தெரிஞ்சவங்களுக்கு தெரிஞ்சுடும், அப்ப பேஷன்ட் சம்மதம் இல்லாம பேசாதீங்க. "இன்னிக்கு டியூட்டில ஒரு கேஸ் வந்துச்சு"ன்னு பேர் போடாம எழுதற போஸ்டும் இதே கதைதான்.

புதுசா வந்திருக்கற இன்னொரு பழக்கம், டிஸ்சார்ஜ் சம்மரிய அப்படியே காப்பி பண்ணி ஏதோ ஒரு இலவச ஏஐ சாட்லயோ மொழிபெயர்ப்பு சைட்லயோ போட்டு சுருக்கி குடுன்னு கேக்கறது. அது எங்க போய் சேமிக்கப்படுதுன்னு உங்களுக்கு தெரியாது. ஆஸ்பத்திரி அனுமதிச்ச டூல் இல்லன்னா பேஷன்ட் தகவல அதுல போடாதீங்க.

ஈமெயில் பத்தி ஒரு சம்பவம் சொன்னா போதும். 2015ல லண்டன்ல 56 டீன் ஸ்ட்ரீட்ங்கற பாலியல் நல க்ளினிக், தங்களோட நியூஸ்லெட்டர் 781 பேருக்கு அனுப்புச்சு, அதுல நிறைய பேர் எச்ஐவி உள்ளவங்க. அட்ரஸ்களெல்லாம் அடுத்தவங்களுக்கு தெரியாம மறைக்கற பிசிசி கட்டத்துல போடறதுக்கு பதிலா டூ-ல போட்டுட்டாங்க, எல்லாருக்கும் எல்லாரோட ஈமெயிலும் தெரிஞ்சுபோச்சு, பெரும்பாலான அட்ரஸ்ல முழுப்பேரும் இருந்துச்சு. அடுத்த வருஷம் 1,80,000 பவுண்ட் ஃபைன். வைரஸும் இல்ல ஹேக்கரும் இல்ல, ஒரு கட்டம் மாறிப்போச்சு, அவ்ளோதான். நிறைய பேருக்கு அனுப்பற மெயில கையால அனுப்பாதீங்க, தனித்தனியா போற மாதிரி சிஸ்டம் வெச்சுக்கோங்க, அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் ஒரு தடவை பாக்கட்டும். ஒரே பேர்ல ரெண்டு பேஷன்ட் இருக்கும்போது ரிப்போர்ட் மாறிப்போறது இன்னும் சகஜம், அதனால பேர் மட்டும் பாக்காம பிறந்த தேதி, ஐடி நம்பர் ரெண்டையும் சேத்து பாருங்க.

எட்டிப்பாக்கற ஆசை. தெரிஞ்சவங்க யாராவது அட்மிட் ஆனாங்க, ஒரு பிரபலம் வந்தாரு, கூட வேலை பாக்கறவங்க திடீர்னு லீவு போட்டாங்க, லாகின் கைல இருக்கு, ஒரு க்ளிக் தானே. எலக்ட்ரானிக் ரெக்கார்ட் சிஸ்டத்துல யார், எப்ப, எத திறந்தாங்கன்னு லாக் பதிவாகும், வெளிய ஒரு வார்த்தை சொல்லலன்னாலும் திறந்ததே மீறல்தான். பிரபலங்களோட ரெக்கார்ட ஸ்டாஃப் எட்டிப்பாத்த விவகாரத்துல அமெரிக்காவுல யுசிஎல்ஏ யுனிவர்சிட்டியோட ஆஸ்பத்திரிங்க 2011ல 8,65,500 டாலர் கட்டி செட்டில் பண்ண வேண்டி வந்துச்சு. சொந்த அம்மா ரிப்போர்ட்டா இருந்தாலும் உங்க லாகின்ல திறக்காதீங்க, அவங்க பேஷன்டா கேட்டு வாங்கட்டும்.

பாஸ்வேர்ட் விஷயம் சீக்கிரமா: லாகின யார்கிட்டயும் குடுக்காதீங்க, மானிட்டர்ல சீட்டு ஒட்டாதீங்க, எழுந்தா ஸ்க்ரீன லாக் பண்ணுங்க, ரெண்டாவது கட்ட சரிபார்ப்பு இருந்தா போடுங்க. ஏன்னு கேட்டா ஃபின்லாந்த பாருங்க, வஸ்தாமோங்கற மனநல சிகிச்சை கம்பெனியோட ரெக்கார்ட திருடினவன் 2020ல கம்பெனிகிட்ட மட்டும் இல்ல, பேஷன்ட்டுங்களுக்கே நேரா மெயில் போட்டு காசு குடு இல்லன்னா நீ தெரபில பேசினத வெளியிடுவேன்னு மிரட்டினான். பேப்பர் பக்கம் வந்தா, அடுத்த ஷிஃப்ட்டுக்கு பேஷன்ட் விவரம் எழுதற ஹேண்ட்ஓவர் சீட்டு பாக்கெட்லயே வீட்டுக்கு போறது, பிரின்டர்ல எடுக்காம விட்டது, ரெண்டும்தான் பெரும்பாலும். ஷிஃப்ட் முடியும்போது பாக்கெட்ட காலி பண்ணி ஷ்ரெட்டர்ல போட்டுட்டு கெளம்புங்க.

இதெல்லாம் படிச்சுட்டு சிலபேர் எதிர்ப்பக்கம் போய்டுவாங்க, சிகிச்சை பண்ற டாக்டருக்கே அலர்ஜி விவரம் தர மாட்டேன், பிரைவசின்னு நிப்பாங்க. அது ஆபத்து. பேஷன்ட் தகவல எப்படி கையாளணும்னு இங்கிலாந்துல 1997ல வந்த கால்டிகாட் கொள்கைகள்ல 2013ல ஏழாவதா ஒண்ண சேத்தாங்க, பேஷன்ட் நன்மைக்காக தகவல பகிர்ந்துக்கற கடமையும் ரகசியம் காக்கற கடமை அளவுக்கு முக்கியமா இருக்கலாம்னு. சில நேரம் சம்மதம் இல்லாமலும் சொல்ல வேண்டி வரும், கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொற்று நோய், குழந்தைக்கு கொடுமை நடக்குதுங்கற சந்தேகம், கோர்ட் ஆர்டர், இன்னொரு உயிருக்கு நேரடி ஆபத்து. கடைசியா சொன்னதுல கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தோட 1976 டாரசாஃப் தீர்ப்பு பெரிய திருப்பம், ஒரு பேஷன்ட், ஒரு பொண்ண கொல்லப்போறேன்னு தன்னோட தெரபிஸ்ட்ட சொல்லியிருந்தும் அந்த பொண்ணுக்கு எச்சரிக்கை போகல, கொலை நடந்துச்சு, ஆபத்துல இருக்கறவங்கள காப்பாத்த நியாயமான நடவடிக்கை எடுக்கற கடமை தெரபிஸ்ட்டுக்கு உண்டுன்னு கோர்ட் சொல்லுச்சு. எல்லா நாட்டுலயும் இதே விதி இல்ல. அதனால இப்படி ஏதாவது வந்தா தனியா முடிவெடுக்காதீங்க, சீனியர்கிட்டயும் லீகல்கிட்டயும் கேளுங்க, சட்டம் சொல்ற ஆளுக்கு மட்டும், தேவையான துண்டு மட்டும் சொல்லுங்க, யார்கிட்ட எதுக்கு சொன்னீங்கன்னு எழுதி வைங்க. முடிஞ்சா பேஷன்ட்டுக்கும் முன்னாடியே சொல்லிடுங்க.

தகவல் தப்பி வெளிய போயிடுச்சுன்னா மறைக்காதீங்க, அங்கதான் சின்ன விஷயம் பெருசாகுது. தப்பான ஆளுக்கு ரிப்போர்ட் போச்சுன்னா உடனே அவங்கள கூப்பிட்டு திறக்காம அழிக்க சொல்லி, அழிச்சாச்சுன்னு எழுத்துல வாங்குங்க, அதே நேரத்துல உங்க பிரைவசி ஆஃபீசருக்கு சொல்லுங்க. நேரம் முக்கியம், ஐரோப்பாவோட தகவல் பாதுகாப்பு சட்டமான ஜிடிபிஆர்ல ஆபத்து உள்ள மீறல கண்டுபிடிச்ச 72 மணி நேரத்துக்குள்ள கண்காணிப்பு அமைப்புக்கு தெரிவிக்கணும், ஹிப்பால பாதிக்கப்பட்டவங்களுக்கு தாமதம் இல்லாம, அதிகபட்சம் 60 நாளுக்குள்ள சொல்லியாகணும். பேஷன்ட்ட பேசும்போது சுத்தி வளைக்காதீங்க: என்ன போச்சு, யாருக்கு போச்சு, இப்ப என்ன பண்ணிருக்கோம், நீங்க என்ன பண்ணலாம், இத நேரடியா சொல்லுங்க. சிஸ்டம் எரர்னு பூசி மெழுகினா அவங்களுக்கு தெரிஞ்சுடும்.

பேஷன்ட் இறந்துட்டா முடிஞ்சுதுன்னும் இல்ல. மருத்துவர்களோட ஜெனிவா உறுதிமொழில ரகசியம் இறப்புக்கு அப்புறமும் தொடரும்னு தெளிவா இருக்கு, ஹிப்பால இறந்து 50 வருஷம் வரைக்கும் பாதுகாப்பு. அதே மாதிரிதான் நீங்க வேலைய விட்டாலும். போகும்போது வார்டு குரூப்ல இருந்து நீங்களே வெளிய வாங்க, போன்லயும் கிளவுட்லயும் இருக்கற கேஸ் படங்கள அழிங்க, வீட்ல கெடக்கற பழைய ஹேண்ட்ஓவர் சீட்ட கிழிச்சு போடுங்க. ஐடி கார்டு திருப்பி குடுக்கும்போது என் லாகின க்ளோஸ் பண்ணியாச்சான்னு கேட்டு மெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க, இல்லன்னா நீங்க போனப்புறம் அந்த லாகின்ல யாராவது ரெக்கார்ட் திறந்தா லாக்ல விழறது உங்க பேருதான்.